விரத மாதத்துக் காற்பந்து

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்ததோடு சரி. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடையில் வாங்க வேண்டிய சாமான்களின் பெயர்கள்தான். ஒரு வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது. முந்தாநாள் நடந்ததை மறந்துவிட்டு எழுபதுகளில் நடந்ததைப் பேசுகிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனாலும் என் கொழுந்தனார் விஷயத்தை எழுதாமல் விட மனம் வரவில்லை. நான்கு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். தாளுக்கு முன்னால் அவ்வளவு கூச்சம் வருவதில்லை.

அப்போது நாங்கள் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பண்டமாரானில் இருந்தோம். பலகை வீடு, தகரக் கூரை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் என் அடுப்படியில் கேட்கும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருந்தார். சாயங்காலமானால் அதே ஆட்களில் கால் வேகமாக உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போய்க் காற்பந்து பழக்குவார். அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தனார், எங்களோடுதான் இருந்தார். அவரும் அங்கேதான் மூட்டை தூக்கினார், அந்த டீமில்தான் ஆடினார். அவருக்கு இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது இருக்கும்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் என் வீட்டுக்காரர் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், குடிமக்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை, நீல ஐசி, வைத்திருந்தார். தம்பி வயிற்றில் இருந்தபோது என் மாமியார் பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சொந்த ஊரைப் பார்க்கக் கப்பலில் போனார். பிள்ளை அங்கே பிறந்துவிட்டது. கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். அதனால் தம்பிக்குச் சிவப்பு ஐசி. அந்தக் காலத்தில் சிவப்பு ஐசி வைத்திருந்தவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும். அது முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்துக் கொடுக்கவில்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லாதவன் எத்தனை நாளைக்கு அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பான், கப்பல் ஏற வேண்டியதுதான். எங்கள் தெருவிலேயே சிலர் அப்படிப் போனார்கள். சட்டி பானையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, திரும்பி வருகிறவர்கள் மாதிரி கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

கொழுந்தனாரின் பெர்மிட் தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாளில் முடிகிறது. இந்தத் தடவை கிடைப்பது கஷ்டம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம். கப்பல் ஊதினால் மட்டும் மூன்று பேரும் ஒரு நொடி சாப்பிடுவதை நிறுத்துவோம்.

டீமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் என் வீட்டுக்காரர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு நண்பர் வீட்டு டிவியில் வெளிநாட்டு ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். ஒல்லாந்துக்காரர்கள் ஆடியதாகச் சொன்னார். வந்ததிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. ஒரு நாள் நான் டீம் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். துவைப்பது என் வேலை. அவர் வந்து துணிக் கொடியில் இருந்த கிளிப்புகளைப் பிடுங்கித் தரையில் அடுக்கினார்.

"இந்தா, இங்க பாரு. இதுதான் நம்ம கோல். பந்து நம்மகிட்ட இருந்தா அவசரப்பட்டு உதைக்கக் கூடாது. பக்கத்துல இருக்கறவன்கிட்ட குடு, அவன் அடுத்தவன்கிட்ட குடுப்பான். பந்து நம்மகிட்ட இருக்கற வரைக்கும் அவன் எப்படி கோல் போடுவான்?"

"போட மாட்டான்" என்றேன்.

"பந்து போயிருச்சுன்னா?"

"ஓடி வந்து கோலைக் காக்கணும்."

"அதான் இல்ல. எல்லாரும் பின்னால ஓடி வருவாங்க. நாம முன்னால ஓடணும். பந்து வச்சிருக்கறவன மூணு பேரு சுத்தி வளைக்கணும். அவன் தலையத் தூக்கிப் பார்க்கறதுக்குள்ள பிடுங்கணும். அவன் கோலுக்குப் பக்கத்துலயே பிடுங்கிட்டோம்னா நமக்கு தூரமே இல்ல பாரு."

சொல்லிக்கொண்டே எல்லாக் கிளிப்புகளையும் முன்னால் தள்ளினார். பின்வரிசையில் நிற்கிற நான்கு கிளிப்பும் நடுக்கோடு வரை போய்விட்டன. கோலில் ஒற்றைக் கிளிப்பு தனியாக நின்றது. நடுவில் வெறும் தரை.

"எல்லாரும் வெளிய போயிட்டா வீட்டுல யாரு இருப்பா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "சரியான கேள்விதான். அங்கதான் ஆபத்து. ஆனா அவன் நம்ம ஆளுங்களத் தாண்டி முன்கூட்டியே போய் நின்னுக்கிட்டு பந்து வாங்க முடியாது. ஆப்சைடுன்னு விசில் அடிச்சிருவாங்க. நாலு பேரும் ஒரே கோட்டுல நிக்கணும், அவ்வளவுதான். அந்தக் கோட்டப் பிடிக்கத்தான் தம்பி இருக்கான்."

அப்புறம் என்ன நினைத்தாரோ, குரலைத் தணித்துச் சொன்னார். "இதுல ஒரு சங்கடம் இருக்கு. ஒருத்தன் ஓடலைன்னாலும் மத்தவன் ஓடினது அத்தனையும் வீண். சோத்து மூட்டை மாதிரி ஒருத்தன் நின்னுட்டா போதும், அவன் பக்கமா பந்து வெளிய வந்துரும். வந்துச்சுன்னா பின்னால யாரும் இல்ல."

எனக்கு ஆட்டம் தெரியாது. அந்த வெறுந்தரை மட்டும் மனதில் நின்றுவிட்டது.

அந்த வருஷக் கோப்பைப் போட்டி முதலில் நன்றாகத்தான் போனது. நன்றாக என்றால் பார்க்கிறவர்கள் மூச்சுவிட மறந்துபோகிற மாதிரி. ஜனங்களோடு நிற்கக் கூச்சப்பட்டு நான் எப்போதும் எங்கள் கோலுக்குப் பின்னால்தான் வாளியும் துண்டுமாக நிற்பேன். பாதி ஆட்டத்தில் கோல் மாறும்போது நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போவேன். அரையிறுதிக்குச் செராஸிலிருந்து ஒரு டீம் வந்தது, எல்லாம் ஆளுக்கு ஆள் மலை மாதிரி. அவர்களால் நடுக்கோட்டைத் தாண்ட முடியவில்லை. பந்தை வாங்குவதற்குள் எங்கள் ஆட்கள் மேலே விழுவார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் திட்ட ஆரம்பித்தார்கள். அவ்வளவு பெரிய திடல் அவர்களுக்குச் சின்னதாகிவிட்டது. கொழுந்தனார் கடைசி வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, கையைக் காட்டி எல்லோரையும் நகர்த்துவார். பந்து வந்தால் தலையைத் தூக்கிப் பார்த்து, ஒரு தட்டில் இன்னொருவர் காலுக்கு அனுப்புவார்.

எங்கள் கோல் கீப்பர் லோரி ஓட்டுகிறவர், நல்ல கனத்த உடம்பு, வாய் ஓயாது. ஆட்டம் முடிந்து சட்டையைக் கழற்றி என் வாளியில் போடாமல் கையில் கொடுத்தார்.

"அக்கா, இதத் துவைக்க வேணாம். மடிச்சு வச்சிருங்க. எனக்கு வேர்க்கவே இல்ல. இன்னிக்கு டிக்கெட் வாங்காம ஆட்டம் பார்த்த ஒரே ஆளு நான்தான்."

அன்றைக்கு ஒரு சீனர் கறுப்புக் குடையோடு வந்திருந்தார். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையின் விளையாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு டீம் இருந்தது. நல்ல ஆட்டக்காரனாக இருந்தால் கம்பெனியே வேலை கொடுத்து, பெர்மிட்டுக்கும் எழுதிக் கொடுக்கும். அவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கொழுந்தனாரைக் காட்டி, "பாகுஸ் லா இந்த ஆளு" என்று மலாயில் மெச்சினார். "எங்களுக்குப் பின்னால ஒரு ஆளு வேணும். பைனலுக்கு வரேன். இதே மாதிரி மேல வந்து ஆடட்டும், இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனார் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். வேலை கிடைத்து இந்த நாட்டிலேயே இருந்துவிட்டால் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் சொன்னார்:

"கிடைக்கட்டும்டா. கிடைச்சப்புறம் அடுத்த வருஷம் எடுக்கலாம்."

"பெர்மிட் இந்தத் தைப்பூசத்தோட முடியுதுண்ணே. அடுத்த வருஷம் நான் எங்க இருப்பேனோ."

மறுநாளே அவர் விரதம் ஆரம்பித்துவிட்டார். மத்தியானம் ஒரே வேளை மரக்கறிச் சாப்பாடு, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும், ராத்திரி வெறும் பாயில் படுக்கை. காவடி எடுக்கிறவர்கள் அப்படி இருப்பது எங்கள் ஆட்களுக்கு வழக்கம்தான். அதில் ஒன்றும் புதுசு இல்லை.

அடுத்த வாரம் நடந்ததுதான் யாரும் நினைக்காதது. திடலில் பழக்கம் முடிந்ததும் முன்வரிசையில் ஆடுகிற ஒருவர் வந்து கொழுந்தனார் தோளைப் பிடித்தார். இரண்டு பேரும் ஒரே கும்பலில் மூட்டை தூக்குகிறவர்கள்.

"நீ மட்டும் விரதம் இருந்தா முருகன் ஒருத்தன் குரலத்தான் கேப்பான். நாங்களும் இருக்கோம்."

"உங்களுக்கு எதுக்குடா?"

"உனக்குத்தான். நீ போயிட்டா எங்களுக்கு யாருடா பின்னால நிப்பா?"

ஒருவர் சொன்னதும் அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. முன்வரிசையில் எல்லோரும், நடுவில் பாதிப் பேர், பின்வரிசையில் கொழுந்தனாரோடு இன்னும் ஒருவர். கோல் கீப்பர் மட்டும் "நான் விரதம் இருந்தா லோரியே நகராது" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "சாமி காரியம். நான் என்ன சொல்றது. ஆனா பந்தைப் பிடுங்கறதுக்கு ஓடணுமே."

அதன் பிறகு நான் பார்த்ததைச் சொல்கிறேன். பகலெல்லாம் வெயிலில் மூட்டை, மத்தியானம் ஒரு வேளைச் சோறு, சாயங்காலம் ஓட்டம். முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சட்டைகள் உடம்பில் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தன. கன்னம் ஒட்டியது. திடலில் முன்பு இருந்த கேலி கிண்டல் போய்விட்டது. பேச்சைச் சேமித்துவைக்கிறவர்கள் மாதிரி ஆடினார்கள். மூன்று பேர் சுற்றி வளைக்கிற இடத்துக்கு இரண்டு பேர்தான் வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது ஆள் ஒரு எட்டு பின்தங்கி வருவார். ஒரு எட்டுதான். அந்த இடைவெளியில் பந்து வெளியே உருண்டு வரும், கொழுந்தனார் திரும்பி ஓடுவார். வானமும் தினமும் மத்தியானத்துக்கு மேல் இருண்டது. மழை பெய்து திடலில் அங்கங்கே தண்ணீர் தேங்கும். தட்டித் தட்டிக் கொடுக்கிற பந்து அந்தத் தண்ணீரில் போய் நின்றுவிடும்.

ஒரு நாள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தெரியாத ஆள் ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் கோல் கீப்பரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க பசங்க நல்லா ஓடுறாங்க பாஸ். என்ன சாப்பாடு போடுறீங்க?"

"சாப்பாடா? பாதிப் பேரு விரதம்ணே. எங்க டீம்ல முருகனும் ஒரு பிளேயர்." கோல் கீப்பர் பெருமையாகத்தான் சொன்னார்.

"அப்படியா" என்றார் அவர். பிறகு ஆட்டக்காரர்களைப் பார்க்கவில்லை. கோல் கீப்பருக்கும் பின்வரிசைக்கும் நடுவில் கிடந்த காலிப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். சிகரெட்டை மிதித்துவிட்டு, என்னைப் பார்த்து, "வரேன்க்கா" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். பைனலில் எங்களோடு ஆடப்போகிற பிரிக்பீல்ட்ஸ் டீமின் ஆள் அவர் என்று கோல் கீப்பரோடு லோரி ஓட்டுகிற ஒருவர் பிறகு சொன்னார். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பார்த்துட்டுப் போகட்டும். மறைக்கிற விஷயமா இது" என்றார். ஆனால் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

பைனல் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துத் திடலில் நடந்தது, தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது. கிள்ளானிலிருந்து லோரியின் பின்னால் உட்கார்ந்து போனோம். வழியில் நல்ல மழை. தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் புறப்படும் முன் கொழுந்தனாரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"தம்பி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஆட்டத்துக்கு முன்னால கொஞ்சம் கஞ்சி குடிங்களேன்."

"நான் குடிச்சா அவனுங்க முகத்த எப்படி அண்ணி பார்ப்பேன்? எனக்காக இருக்கானுங்க."

அதுதான் சங்கடம். அவர் விரதத்தை விடலாம் என்றால் அவருக்காக இருக்கிறவர்கள் விடவில்லை. அவர்கள் விடலாம் என்றால் அவர் இருக்கும்போது எப்படி விடுவார்கள்.

திடலில் மழை விட்டிருந்தது, ஆனால் மேகம் கலையவில்லை. குடைச் சீனர் வந்திருந்தார். நடுக்கோட்டுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விசில் ஊதியதும் எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள். அப்படி ஒரு பாய்ச்சலை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. மூன்று பேர் சுற்றி வளைத்தார்கள், பிடுங்கினார்கள், தட்டினார்கள், மறுபடி வளைத்தார்கள். எதிர் டீம் தன் கோலுக்கு முன்னாலேயே முடங்கிக் கிடந்தது. பாதி நேரம் முடியும் முன்னே ஒரு கோல் போட்டுவிட்டோம். ஜனங்கள் கைதட்டினார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை. ஏனென்றால் எதிர் டீம்காரர்கள் கவலைப்படவில்லை. ஒருவரை ஒருவர் திட்டவில்லை. எதற்கோ காத்திருக்கிறவர்கள் மாதிரி மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் ஆரஞ்சுப் பழம் நறுக்கி வைத்திருந்தேன். கோல் கீப்பர் மட்டும் எடுத்தார். மற்றவர்கள் வாயைக் கொப்பளித்துவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தார்கள். நெஞ்சு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலே தெரிந்தது. என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து சொன்னார்:

"ஒரு கோல் இருக்கு. இனிமே மேல போக வேணாம். எல்லாரும் பின்னால வந்து அடைச்சுக்கிட்டு நிப்போம். பந்து வந்தா தூர உதைச்சுவிடுங்க, போதும்."

 கொழுந்தனார் மெல்லச் சொன்னார், "அந்தக் குடைக்காரரு நான் மேல வந்து ஆடறதப் பார்க்கத்தான் வந்திருக்காருண்ணே. கோலுக்கு முன்னால நின்னு தூர உதைக்கிறதுக்கு அவருகிட்ட ஏற்கெனவே ஆளு இருக்கும்."

"ஜெயிச்சா போதும்டா."

"உங்களுக்குப் போதும்."

 முதலில் விரதத்துக்குச் சேர்ந்த முன்வரிசைக்காரர் தரையிலிருந்து எழுந்து, "ஓடுறோம்ணே. நாப்பத்தஞ்சு நிமிஷம்தான. ஓடுறோம்" என்றார். பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

இரண்டாவது பாதியில் எதிர் டீம்காரர்கள் ஆட்டத்தையே மாற்றிவிட்டார்கள். பந்தைத் தட்டித் தட்டிக் கொண்டு வரவில்லை. கிடைத்ததும் வானத்தைப் பார்த்து ஓங்கி உதைத்தார்கள். பந்து எங்கள் ஆட்கள் எல்லோருடைய தலைக்கும் மேலே பறந்து, அந்தக் காலி இடத்தில் விழும். அவர்களுடைய முன்வரிசையில் ஒல்லியாக ஒருவர், நல்ல வேகம், அதைத் துரத்திக்கொண்டு வருவார். கொழுந்தனார் திரும்பி ஓடுவார். முதலில் அவர்தான் ஜெயித்தார். பந்தைப் பிடித்து, திரும்பி, தலை தூக்கிப் பார்த்து, தட்டிக் கொடுத்தார். குடைச் சீனர் தலையாட்டியது தூரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. கொடுத்துவிட்டு மறுபடி நடுக்கோட்டுக்கு ஏற வேண்டும். ஏறினால் மறுபடி தலைக்கு மேல் பந்து. மறுபடி ஓட்டம்.

எங்கள் முன்வரிசைக்காரர்கள் சுற்றி வளைத்திருந்தால் எதிர் டீம்காரர்களால் அப்படி நிதானமாகக் குறி பார்த்து உதைத்திருக்க முடியாது. இவர்கள் ஓடத்தான் ஓடினார்கள், போய்ச் சேரும்போது பந்து பறந்துவிட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நடையானது. ஒருவர் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றார். அவரைத் திட்டவும் யாருக்கும் மூச்சு இல்லை.

ஒல்லி ஆள் ஒரு கோல் போட்டார். ஒன்றுக்கு ஒன்று.

அதன் பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் பேச்சாக இருக்கிறது. இன்னொரு பந்து தலைக்கு மேல் வந்தது. கொழுந்தனாரோடு பின்வரிசையில் ஆடியவர், அவரும் விரதக்காரர், கூடவே துரத்தி வந்து எங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். கோல் கீப்பர் பந்தை எடுத்து நடுத்திடலுக்கு உதைத்தார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. எல்லோரும் மேலே ஏறினார்கள். கொழுந்தனாரும் ஏறிக் கோட்டைப் பிடித்தார். விழுந்தவர் மட்டும் விழுந்த இடத்திலேயே காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். நான் வாளித் தண்ணீரில் துண்டை நனைத்து அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தேன்.

எதிர் டீம்காரர்கள் பந்தைப் பிடுங்கி ஓங்கி உதைத்தார்கள். ஒல்லி ஆள் அதற்கு முன்பே கொழுந்தனாரைத் தாண்டி நின்றிருந்தார். கொழுந்தனார் ஓடவில்லை. ஆப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்த்தார். விசில் வரவில்லை. எங்கள் ஆள் ஒருவர் பின்னால் கோலுக்குப் பக்கத்தில் கிடக்கிறாரே, அவரையும் சேர்த்துத்தான் கணக்கு. அதனால் அந்த ஒல்லி ஆள் நின்றது சரிதான் என்று நடுவர் நினைத்துவிட்டார். கொழுந்தனாருக்குத் தன் முதுகுக்குப் பின்னால் ஒருவர் கிடப்பது தெரியாது.

"டேய், ஓடி வாடா, விசில் அடிக்கல" என்று கோல் கீப்பர் கத்தினார். கத்திக்கொண்டே தானும் வெளியே ஓடினார். அந்தக் கனத்த உடம்பு தண்ணீரில் சறுக்கி விழுந்தது. ஒல்லி ஆள் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தை உருட்டிவிட்டார். பந்து என்னைத் தாண்டிப் போய் நின்றது. கொழுந்தனார் அங்கே நடுத்திடலில் தூக்கிய கையை இறக்காமல் நின்றார்.

இரண்டுக்கு ஒன்று. அதோடு ஆட்டம் முடிந்த மாதிரிதான்.

குடைச் சீனர் என் வீட்டுக்காரரிடம் வந்தார். மனிதர் நல்லவர்தான், முகம் சுளிக்கவில்லை. "முதல் பாதி ரொம்ப பாகுஸ். ஆனா கடைசியில அவன் ஓடல. கையத் தூக்கிட்டு நின்னுட்டான். பின்னால நிக்கிறவன் நிக்கலாமா?" என்றார். என் வீட்டுக்காரர் விரதத்தைச் சொன்னார், கீழே விழுந்தவரைச் சொன்னார். மலாயில் சொல்ல வராமல் தமிழில் சொன்னார். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தோளைத் தட்டிவிட்டுப் போய், அந்த ஒல்லி ஆளோடு நின்று பேசினார். பின்வரிசைக்கு ஆள் தேடி வந்தும், வேலை அந்த ஒல்லி ஆளுக்குத்தான் கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

லோரியில் திரும்பி வரும்போது காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் ஒரு மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கொழுந்தனார் போய் அவர் காலை மடியில் எடுத்து வைத்து அமுக்கிவிட்டார்.

"விடுடா. நீ எனக்காகத்தான பட்டினி கிடந்த."

"அதான்டா" என்றார் அவர். 

வேண்டிக்கொண்டது கிடைக்கவில்லை, அதனால் காவடி எடுக்க வேண்டியதில்லை என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். கொழுந்தனார் கேட்கவில்லை. அந்தத் தைப்பூசத்துக்கு டீமே பத்துமலைக்குப் போனது. பிறகு பெர்மிட் முடிந்தது. ஆபீசுக்கு அண்ணனும் தம்பியும் இரண்டு மூன்று தடவை நடந்தார்கள். கடைசியில் கப்பலுக்குத்தான் ஏற்பாடு செய்தோம். ஏறுகிற அன்றைக்கு அவரோடு மூட்டை தூக்கியவர்களே அவருடைய டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊருக்குப் போய்ப் பல வருஷம் பட்டுக்கோட்டைப் பக்கம் கூலி வேலை செய்தார். எண்பதுகளின் கடைசியில் காய்ச்சலில் போய்விட்டார். செய்தி வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

என் வீட்டுக்காரர் அதன் பிறகும் டீம் பழக்கினார். ஆனால் எல்லோரையும் கோலுக்கு முன்னால்தான் நிறுத்தினார். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருக்கும் கோல் கீப்பருக்கும் சண்டைதான்.

"வயித்துல சோறு இருக்கறவனுக்குத்தான் அந்த ஆட்டம். ரொட்டி தின்னு வளர்ந்தவன் ஆடினான்னு நாம ஆடலாமா?" என்பார் கோல் கீப்பர்.

"ஆட்டம் மேல தப்பில்லடா. அரை ஆட்டம் எவனும் நம்மகிட்ட பந்து வாங்க முடியலையே, பார்த்தியா இல்லையா?"

"மிச்ச அரை ஆட்டம் யாரு ஆடுவா?"

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தபோதும் இதையேதான் பேசினார். அவர் கடைசிவரை கேட்டது ஒன்றுதான். தம்பி கை தூக்கியது சரியா, தப்பா. கீழே கிடந்தவர் கோல் கோட்டுக்கு வெளியே கிடந்திருந்தால் அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, விசில் அடித்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. உள்ளே கிடந்தார் என்பது கோல் கீப்பர் கட்சி. என்னிடம் கேட்பார், "நீதான பக்கத்துல இருந்த, சொல்லு." விழுந்தவருக்கு நான் துண்டைக் கொடுத்தது நினைவிருக்கிறது. அவர் முகம் நினைவிருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கோடு நினைவில்லை. மழையில் சுண்ணாம்பு கரைந்து கோடே சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கால் பிடித்து விழுந்தவர் இப்போது கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று சொல்கிறார்கள். தன்னால்தான் எல்லாம் போனது என்று இன்றைக்கும் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் விரதம் இருக்கிறாராம். அவரிடம் போய் இதைக் கேட்க எனக்கு மனமில்லை. அன்றைக்கு அந்தத் திடலில் நின்று பார்த்தவர்கள், எந்த டீம்காரராக இருந்தாலும் சரி, இதைப் படித்தால் அவர் எங்கே கிடந்தார் என்று சொல்லுங்கள். கோல் கணக்கையும் நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.